பண்டிகை இல்லாத ஒரு நாளை வரையுங்கள்: படப் புத்தகப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

படப் புத்தகங்களை எழுதுகிறவர்களுக்கும் வரைகிறவர்களுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எது அச்சேற வேண்டும் என்று முடிவுசெய்யும் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

வாரத்தில் இரண்டு மாலைகள் நான் குழந்தைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். மூன்று வயதில் தொடங்கி ஏழு வயது வரை. பாயில் உட்காருவார்கள், பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து என் மடிமீதே ஏறிவிடுவார்கள். பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன். உங்கள் புத்தகங்களை நான் பார்க்கும் இடம் அதுதான். விற்பனைக் கணக்கோ விமர்சகர் எழுதியதோ எனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தில் குழந்தையின் விரல் வந்து நிற்கிறது, எந்தப் பக்கத்தைப் பார்க்காமலே புரட்டச் சொல்கிறது என்பது தெரியும்.

சென்ற மாதம் ஒரு புத்தகம் வாசித்தேன். குடும்பத்தைப் பற்றியது. முதல் விரிப்பிலேயே, அதாவது புத்தகத்தைத் திறந்ததும் எதிரெதிராகத் தெரியும் முதல் இரண்டு பக்கங்களிலேயே, எல்லோரும் இருந்தார்கள்: அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அண்ணன், தங்கை. புத்தாடை உடுத்தி, நகை அணிந்து, வரிசையாக நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அழகான படம், அதில் சந்தேகமில்லை. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து வந்து, ஒவ்வொரு முகத்தின்மீதும் விரலை வைத்துக்கொண்டே போனாள். கடைசி முகத்துக்கு வந்ததும் கேட்டாள்:

“இவர்கள் எல்லோரும் எங்கே போகப்போகிறார்கள்?”

எங்கேயும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன்.

“வீட்டில் இருக்கும்போது யாராவது இப்படி நிற்பார்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. இந்த மடலை எழுதுவதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

அன்று எல்லோரும் போன பிறகு, குடும்பம், பண்பாடு, சமூகம் என்று பெயர் சொல்லி வாங்கிய புத்தகங்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் இன்று என்ன நாள் என்று மட்டும் பார்த்தேன். ஒன்றில் திருவிழா, அடுத்ததில் திருமணம், இன்னொன்றில் அறுவடை. ஒரு புத்தகத்தில் ஊர் முழுக்க நடனமாடிக்கொண்டிருந்தது. வண்ணங்கள் கொட்டிக் கிடந்தன. ஆனால் யாருக்கும் மூக்கு ஒழுகவில்லை. யாரும் செருப்பைத் தேடவில்லை. மழை பெய்கிறதே, வெளியே விளையாடப் போக முடியாதே என்று சன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கும் குழந்தை ஒன்றுகூட இல்லை.

அந்தக் குழந்தை வேறு அடுக்கில் இருந்தது. நண்பர்கள், விளையாட்டு, கற்பனை என்று நாங்கள் பிரித்துவைத்திருக்கும் அடுக்கில். மழையில் நனைவதும், பொம்மையைத் தொலைப்பதும், கட்டிலுக்கடியில் பூதம் இருப்பதாக நம்புவதும் அங்கேதான் நடக்கின்றன. அங்கே இருக்கும் குழந்தைகளுக்குப் ‘பண்பாடு’ என்ற சுமை கிடையாது. அவர்கள் வெறும் குழந்தைகள். என் பாயில் உட்காருகிறவர்களில் பலர், தங்கள் சாயலில் ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முதல் அடுக்குக்குப் போக வேண்டும். கற்பனை செய்ய வேண்டுமென்றால் வேறொருவர் சாயலை வாங்கிக்கொண்டு இரண்டாவது அடுக்குக்குப் போக வேண்டும். இந்தப் பிரிவினையை அடுக்கியவள் நான்தான் என்றாலும், அப்படித்தான் அடுக்க முடியும் என்பதுபோல் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இது புதிய குறை அல்ல. 1965இல் அமெரிக்காவில் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஒரு மழலையர் பள்ளியில் படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, ஏன் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்டதில் தொடங்குகிறது அந்தக் கட்டுரை. லாரிக் விடாமல் கணக்கெடுத்தார். 1962 முதல் 1964 வரை 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 குழந்தை நூல்களில், கறுப்பினத்தவர் ஒருவராவது தலைகாட்டியவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. இந்த எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அதே கட்டுரையில் சற்றுத் தள்ளி வரும் செய்தி. அந்த 349இலும் ஏறத்தாழ 60 சதவீதம் அமெரிக்காவுக்கு வெளியே நடப்பவை, அல்லது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காலத்தவை. அன்றைய அமெரிக்காவில் வாழும் கறுப்பினத்தவரின் கதையைச் சொன்னவை மொத்த நூல்களில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதாவது, அந்தச் சிறுமி புத்தகத்துக்குள் வர வேண்டுமானால் தொலைதூரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பழங்காலத்தில் இருக்க வேண்டும். இன்று, இங்கே, இந்தத் தெருவில் அவளுக்கு இடமில்லை.

பண்டிகை உடையில் மட்டும் ஒரு குடும்பத்தை வரைவதும் அவர்களை அதே தொலைதூரத்துக்கு அனுப்பிவைப்பதுதான். நல்லெண்ணத்தோடுதான் அனுப்புகிறீர்கள். ஆனாலும் அனுப்பிவிடுகிறீர்கள்.

லாரிக் கணக்கெடுத்த அந்த வருடங்களிலேயே அதற்கு நேர்மாறான ஒரு காரியமும் நடந்திருக்கிறது. எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற ஓவியர் 1940இல் ‘லைஃப்’ இதழிலிருந்து ஒரு சிறுவனின் புகைப்பட வரிசையை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தார். இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கும் கறுப்பினச் சிறுவன் அவன். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, 1962இல், கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ புத்தகத்தில் அவன் பீட்டர் என்ற பெயரில் வந்தான். கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. காலையில் எழுந்து பார்க்கிறான், வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். குச்சியால் மரத்தைத் தட்டுகிறான், தலையில் பனி விழுகிறது. நாளைக்கு ஆகும் என்று ஓர் உருண்டையைப் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். அம்மா ஈரக் காலுறையைக் கழற்றுகிறாள். படுக்கப் போகும் முன் பையைத் தடவிப் பார்க்கிறான். உருண்டையைக் காணவில்லை.

இவ்வளவுதான். அவன் எந்த இனம், அவனது மூதாதையர் பட்டதென்ன என்று எழுத்தில் ஒரு சொல் கிடையாது. அமெரிக்காவில் சிறந்த படப் புத்தகத்துக்குத் தரப்படும் கால்டிகாட் பதக்கம் 1963இல் இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. 2020இல் நியூயார்க் பொது நூலகம் தன் 125 ஆண்டு வரலாற்றில் மிக அதிகமாக இரவல் போன புத்தகம் எது என்று கணக்குப் பார்த்தபோது முதலிடத்தில் இருந்ததும் இதுதான். 4,85,583 முறை. பெரியவர்களுக்கான புத்தகங்களையும் சேர்த்த கணக்கு அது. பையில் கரைந்துபோன ஒரு பனி உருண்டைக்கு இத்தனை வீடுகளில் இடம் கிடைத்திருக்கிறது.

அதே லாரிக் இந்தப் புத்தகத்தின்மீதும் குறை சொன்னார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. பீட்டரின் அம்மாவைப் பெரிய உருவமாக, கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கட்டம்போட்ட உடையில் வரைந்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வெள்ளையர் வழக்கமாகக் கறுப்பினப் பெண்ணை எப்படிக் கற்பனை செய்தார்களோ, அதன் நிழல் அந்த உருவத்தில் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். சாதாரண நாளை வரைவதும் எளிதல்ல. நாம் அறியாமலே நம் கை பழைய அச்சைத் தேடிப் போகும். அதனால்தான் அந்த வீட்டுக்குள் பிறந்து வளர்ந்த கைகள் வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

குடும்பம் என்ற சொல்லையும் கொஞ்சம் அவிழ்த்துவிடுங்கள். ‘இது என் குடும்பம்’ என்று தொடங்கும் புத்தகத்தை வாசிக்கும்போது என் கண் தானாகவே ஒரு பையனைத் தேடும். அவனைப் பாட்டி மட்டும்தான் வளர்க்கிறாள். புத்தகத்தில் அப்பா, அம்மா என்று வரும் பக்கங்களில் அவன் பாயின் ஓரத்தில் இருக்கும் நூலைப் பிரித்துக்கொண்டிருப்பான். பாட்டி வரும் பக்கத்தில் மட்டும் தலை நிமிரும். இத்தனைக்கும் அந்தப் பாட்டி பெரும்பாலும் ஒரே பக்கத்துக்குத்தான் வருகிறாள், கதை சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். அவனது பாட்டியோ காலையில் அவனை எழுப்புகிறாள், குளிப்பாட்டுகிறாள், முடி வெட்டிக்கொள்ள அழைத்துப்போகிறாள், கணக்குத் தப்பாகப் போட்டால் குட்டுகிறாள். அவளுக்கு ஒரு புத்தகம் முழுவதும் தாருங்கள். அவன் இப்படியொரு வீட்டில் வளர்கிறான், பாவம் என்று இரக்கப்படும் புத்தகமாக இருக்க வேண்டாம். அவளோடு அவனுக்கு நடக்கும் ஒரு வேடிக்கையான நாளாக இருந்தால் போதும்.

உறவு என்றதும் இன்னொன்று. ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் படப் புத்தகம் வரும்போது படம் அப்படியே வந்துவிடுகிறது, உறவு வழியில் தொலைந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பவர் தமிழுக்கு வந்ததும் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா என்று யாராவது முடிவுசெய்ய வேண்டும். மொழிபெயர்ப்பவர் யோசிக்காமல் ‘மாமா’ என்று போட்டுவிடுகிறார். அடுத்த பக்கத்தில் அவர் அப்பாவின் தம்பி என்று படம் காட்டுகிறது. குழந்தைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். “அப்பாவின் தம்பி எப்படி மாமா ஆவார்?” என்று கேட்கிறார்கள். மூன்று வரிதானே என்று மொழிபெயர்ப்பை அவசரமாக முடிக்காதீர்கள். மூன்று வரியில் ஒரு சொல் தவறினால் பக்கத்தில் பாதி தவறிவிடுகிறது.

எழுத்தும் படமும் ஒன்றையே சொல்லும் பழக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். குழந்தைகளுக்காகப் படங்களுடன் அச்சான மிகப் பழைய பாடநூல்களில் ஒன்று, கொமீனியஸ் என்ற செக் கல்வியாளர் 1658இல் நியூரம்பெர்க்கில் வெளியிட்டது. லத்தீனிலும் ஜெர்மனிலும் அமைந்தது. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு நேராகக் கீழே அதன் சொல். காகம் எப்படிக் கரையும், ஆடு எப்படிக் கத்தும் என்று ஒலிகளோடு எழுத்துகளைத் தொடங்கிவைத்த அற்புதமான மனிதர் அவர். மொழி கற்பிக்க அந்த முறை பொருத்தமானது. ஆனால் கதை சொல்லும் புத்தகங்களிலும் நாம் இன்னும் எண்ணுக்கு நேராகச் சொல்லை எழுதிக்கொண்டிருக்கிறோம். படத்தில் சிறுமி சிவப்புக் குடை பிடித்திருக்கிறாள். கீழே, ‘சிறுமி சிவப்புக் குடை பிடித்திருந்தாள்’ என்று எழுதியிருக்கிறது. அப்புறம் குழந்தைக்கு அங்கே என்ன வேலை?

பெரியவர் வாசிக்கும்போது சின்னக் குழந்தைகளின் பார்வை எழுத்துப் பக்கம் அரிதாகவே போகிறது என்று, கண் அசைவைப் பதிவுசெய்து 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பாயில் உட்கார்ந்து வாசிக்கும் யாருக்கும் இது தெரியும். நான் எழுத்தை வாசிக்கிறேன், அவர்கள் படத்தை வாசிக்கிறார்கள். இரண்டு வாசிப்பும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அவர்களுடையது பெரும்பாலும் என்னுடையதைவிட நுணுக்கமானது. ஒரு புத்தகத்தை ஏழாவது முறையாக வாசித்துக்கொண்டிருந்தபோது, “இந்தப் பூனைக்கு இப்போது குட்டி இருக்கிறது” என்றான் நான்கு வயதுப் பையன். எந்தப் பூனை? எழுத்தில் பூனையே கிடையாது. அவன் முன்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போய்க் காட்டினான். இரண்டாவது விரிப்பில் கூரைமேல் ஒரு பூனை. ஐந்தாவதில் அதன் வயிறு பெருத்திருக்கிறது. எட்டாவதில் அடுப்படி மூலையில் ஒரு பழைய துணிக்கூடை மட்டும். பதினோராவதில் கூடைக்கு மேலே மூன்று ஜோடிக் காதுகள். அந்த ஓவியர் யாரிடமும் சொல்லாமல் இன்னொரு கதையை வைத்திருந்திருக்கிறார். ஆறு முறை வாசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவன் அன்று வீட்டுக்குப் போன நடையே வேறாக இருந்தது.

குடும்பமும் பண்பாடும் இப்படித்தான் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், கூரைமேல் இருந்த பூனையைப் போல. கதை வேறெதைப் பற்றியோ இருக்கட்டும். நிலாவுக்கு ஏணி செய்யும் சிறுமியைப் பற்றி இருக்கட்டும். அவள் ஏணி கட்டும் முற்றத்தில், பின்னால், அம்மா எந்த விதமாகத் துணி உலர்த்துகிறாள், தாத்தா எப்படிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து என்ன கேட்கிறார் என்பதெல்லாம் சத்தமில்லாமல் இருக்கட்டும். அந்த வீட்டுக் குழந்தை அதைப் பார்த்ததும் தன் வீடு என்று அறிந்துகொள்ளும். வேறு வீட்டுக் குழந்தை அங்கே கொஞ்ச நேரம் போய் இருந்துவிட்டு வரும். விளக்கம் தேவையில்லை.

விளக்கம் என்றதும் பின்பக்கத்துச் சொற்பட்டியல் நினைவுக்கு வருகிறது. கதைக்குள் ஒரு சமூகத்தின் சொல்லைச் சாய்வெழுத்தில் போட்டு, கடைசியில் அதற்குப் பொருள் கொடுக்கிறீர்கள். வெளியாருக்கு உதவும் என்பது புரிகிறது. ஆனால் அந்தச் சொல்லை வீட்டில் தினமும் பேசும் குழந்தை அந்தப் பக்கத்துக்கு வரும்போது என்ன நினைக்கும்? எல்லாச் சொற்களும் நேராக நிற்க, தன் சொல் மட்டும் சாய்ந்து நிற்கிறது. இந்தப் புத்தகம் தனக்காக எழுதப்படவில்லை, தன்னைப் பற்றி வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்பதை அது அங்கே கற்றுக்கொள்கிறது. அந்தச் சொல்லை நிமிர்த்துங்கள். படம் பொருள் சொல்லட்டும். தெரியாத குழந்தை பக்கத்தில் இருக்கும் தெரிந்த குழந்தையைக் கேட்கட்டும். என் பாயில் அப்படிக் கேட்டுத்தான் பல நட்புகள் தொடங்கியிருக்கின்றன.

அடுத்து, கடைசிப் பக்கத்து நீதி. எல்லோரும் ஒற்றுமையாக வாழ வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும், நம் மரபைக் காக்க வேண்டும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பதின்மூன்று விரிப்புகள் ஒரு குழந்தையை நம்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டு, கடைசியில் நம்பாமல் கையைப் பிடித்து இழுக்கிறீர்கள். நான் இப்போதெல்லாம் அந்த வரியை வாசிப்பதில்லை. புத்தகத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறேன். சில நொடிகளுக்குள் யாராவது ஏதாவது கேட்பார்கள். நீதி வரியை வாசித்த நாட்களில் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. சரி, அடுத்த புத்தகம் என்பார்கள்.

மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்களில் பலரிடம் இருக்கும். மொத்தமே 340 சொற்களுக்குள் முடியும் கதை. அம்மாவிடம் திட்டு வாங்கிய பையன் கற்பனையில் போகப் போகப் படங்கள் பக்கத்தில் விரிந்துகொண்டே போகின்றன. நடுவில் மூன்று முழு விரிப்புகளில் ஓர் எழுத்துகூட இல்லை. கடைசிப் பக்கத்தில் தலைகீழ். படம் இல்லை, சொற்கள் மட்டும். அவனுக்காக வைத்திருந்த இரவு உணவு இன்னும் சூடாக இருந்தது என்கிறது அந்தப் பக்கம். அம்மா மன்னித்துவிட்டாள் என்று எழுதவில்லை. இனி சேட்டை செய்யாதே என்று எழுதவில்லை. சூடு ஒன்றே போதும். குடும்பத்தைப் பற்றி இதைவிட நல்ல புத்தகம் இருக்கலாம், ஆனால் இதில் குடும்பம் என்ற சொல் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சொற்களே இல்லாத புத்தகங்களை அதிகம் கொண்டுவாருங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். விற்காது, வாங்குகிறவர்கள் ‘இதில் ஒன்றும் எழுதவில்லையே’ என்பார்கள் என்று சொல்வீர்கள். ஆம், சொல்வார்கள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தந்தை தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு கூச்சமில்லாமல் வாசிக்கக்கூடிய புத்தகம் வேறு எது? குழந்தை நூல்களுக்கான பன்னாட்டு அமைப்பான ஐபிபிஒய் 2012இல் ஒரு திட்டம் தொடங்கியது. கடல் கடந்து அடைக்கலம் தேடி வருகிறவர்கள் கரையேறும் இத்தாலியின் லம்பெதூசா தீவுக்காக, பல நாடுகளிலிருந்து சொற்களில்லாப் படப் புத்தகங்களைத் திரட்டினார்கள். எந்த மொழி பேசும் குழந்தை வந்து இறங்கினாலும், அந்தத் தீவுக் குழந்தையும் அதுவும் சேர்ந்து ஒரே புத்தகத்தைப் புரட்டலாம். சமூகம் என்று நாம் அட்டையில் போடும் சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருளை நான் கண்டதில்லை.

அச்சு வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. 32 பக்கம் என்பது, பதினாறு பதினாறு பக்கமாகச் சேர்த்து அச்சடிக்கும் இரண்டு ஃபாரம். உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. தலைப்பு, உரிமை விவரம் எல்லாம் போனால் கதைக்கு மிஞ்சுவது பதின்மூன்று பதினான்கு விரிப்புகள். அவ்வளவு குறைந்த இடத்தில் ஒரு முகம்கூட வீணாகக் கூடாது. ஆனால் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடிக்கும் படத்தில் தங்கையின் முகம் நடு மடிப்புக்குள் போய்விடுகிறது. குழந்தைகள் புத்தகத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து அவளைத் தேடுகிறார்கள். தையல் பிரிந்துவிடுகிறது. ஓவியரிடம் முன்கூட்டியே மடிப்பு எங்கே வரும் என்று சொல்லியிருந்தால் இது நடக்காது.

இப்போது கைகளுக்கு வருகிறேன். 1985இல் அமெரிக்காவில் வெளியான சுமார் 2,500 குழந்தை நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை அல்லது வரைந்தவை 18தான் என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் குழந்தை நூல் மையம் எண்ணிச் சொன்னது. லாரிக் எழுதி இருபது வருடம் கழித்து! 1990இல் பேராசிரியர் ரூடீன் சிம்ஸ் பிஷப், புத்தகம் குழந்தைக்குக் கண்ணாடியாகவும் சன்னலாகவும் திறந்து நுழையும் கதவாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். அது பிறகு எல்லோர் வாயிலும் புகுந்துவிட்டது. உங்கள் நூற்பட்டியல்களின் முன்னுரையிலும் பார்க்கிறேன். நல்ல வார்த்தைதான். ஆனால் கண்ணாடியை யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. தொலைவில் நின்று பார்த்து வரைபவர் பண்டிகையை மட்டும்தான் பார்க்க முடியும், ஏனென்றால் விருந்தாளியை அன்றுதான் அழைப்பார்கள். அந்த வீட்டுக்காரருக்குத்தான் செவ்வாய்க்கிழமை மதியம் அந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியும்.

எந்தச் சமூகத்தைப் பற்றிப் புத்தகம் போடுகிறீர்களோ, அந்தச் சமூகத்திலிருந்தே ஓவியரைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தேடுங்கள். அவர் முதன்முறையாகப் புத்தகத்துக்கு வரைபவராக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். அட்டையில் எழுத்தாளர் பெயருக்குச் சமமான அளவில் அவர் பெயரையும் போடுங்கள். குழந்தை இலக்கியத்துக்கான பன்னாட்டு விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956இல் தொடங்கியபோது எழுத்தாளர்களுக்கு மட்டும்தான் தந்தார்கள். ஓவியர்களுக்கும் தருவதற்குப் பத்து வருடம் ஆனது, 1966 வரை. அந்தத் தாமதம் இன்னும் பல அட்டைகளில் தொடர்கிறது. உரிமத்தொகையிலும் தொடர்கிறது என்று ஓவியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் முக்கால் பங்கை நிரப்பியவரின் பெயரை நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் ஒருத்தி எழுதும் மடலால் என்ன ஆகிவிடும் என்ற தயக்கம் எனக்கு இருந்தது. யெல்லா லெப்மனை நினைத்துத்தான் துணிந்தேன். நாஜிகளுக்குத் தப்பி லண்டன் போன யூதப் பெண்மணி. போர் முடிந்து, 1945இல் ஜெர்மனிக்குத் திரும்பி வந்தார். அங்கே இருந்த குழந்தைகளுக்கு உலகத்தின் புத்தகங்கள் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கையில் பணம் இல்லை. இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் மிகச் சிறந்த குழந்தை நூல்களை, முக்கியமாகப் படப் புத்தகங்களை அனுப்புங்கள், மொழி தெரியாத குழந்தையும் படத்தைப் பார்க்கும் அல்லவா என்று. இரண்டு முறை ஜெர்மனி படையெடுத்த பெல்ஜியம் முடியாது என்று பதில் அனுப்பியது. லெப்மன் மறுபடி எழுதினார். பெல்ஜியமும் அனுப்பிவைத்தது. 1946இல் மியூனிக்கில் கண்காட்சி நடந்தது. 1949இல் அதே நகரத்தில் பன்னாட்டு இளையோர் நூலகம் திறந்தது. நான் மேலே சொன்ன ஐபிபிஒய்யும் அவர் முன்னின்று 1953இல் உருவானதுதான். எல்லாமே கடிதத்தில் தொடங்கியவை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். பண்டிகைக் காலத்தில் பண்டிகைப் புத்தகம் விற்கிறது, பள்ளிகள் அதைத்தான் கேட்கின்றன, பரிசளிக்க வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இதெல்லாம் உண்மை. பண்டிகைப் புத்தகங்களை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அவற்றில் சிலவற்றை நான் கைவிடமாட்டேன், கிழிந்தால் ஒட்டி ஒட்டி வாசிக்கிறேன். ஐந்து புத்தகம் போட்டால் அதில் ஒன்றாவது பண்டிகை முடிந்த மறுநாளில் நடக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். வந்தவர்கள் எல்லாம் போய்விட்ட வீடு. மடித்துவைக்க வேண்டிய பாய்கள். வாடிய பூ. யாருக்கும் பேச்சில்லை, ஒரு குழந்தைக்கு மட்டும் இன்னும் விளையாட்டு முடியவில்லை. அந்தப் புத்தகத்தை என் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சிறுமியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்று சொன்னேன் அல்லவா? அடுத்த வாரம் அவளே ஒரு தாளும் வண்ணக் குச்சிகளும் கேட்டாள். அந்தக் குடும்பத்தை, அவர்கள் வீட்டில் இருப்பதுபோல், வரையப்போவதாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் குப்புறப் படுத்து வரைந்தாள். அப்பா வாசலில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா தலை துவட்டுகிறாள். தாத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார், அது அவர் தலைமேலேயே இருக்கிறது. அண்ணனை அவள் வரையவில்லை. அவன் கழிப்பறையில் இருக்கிறானாம், அதனால் மூடிய கதவு மட்டும். பாட்டி தரையில் படுத்திருக்கிறாள், அவள் வயிற்றின்மேல் தங்கை உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த மடலுடன் அதை இணைத்து அனுப்பலாமா என்று அவளிடம் கேட்டேன். இன்னும் முடியவில்லை, பாட்டிக்குக் கால் வரைய வேண்டும் என்று சொல்லித் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மிகுந்த அன்புடன்,
உங்கள் புத்தகங்களைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் ஒருத்தி